மரம் எண்டா அப்பிடித்தான் அண்ணை

பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு என் சொந்த வீட்டு ஹோலில் எனக்கு இருப்புக் கொள்வதில்லை. காலையில் ஒன்றும் தெரியாது. மத்தியானமும் நிலம் ஒரே நிறமாய்த்தான் கிடக்கும். நாலு மணிக்கு மேற்கு யன்னலால் வெயில் சரிந்து உள்ளே வந்து நிலத்தோடு தவழத் தொடங்கும்போதுதான் எல்லாம் வெளிக்கும். சுவரோரம் முழுக்க அரையடி அகலத்துக்கு வேட்டிக் கரைபோல ஒரு கறுப்பு. ஹோலுக்குக் குறுக்கே, இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரைக்கும், யாரோ ஈரத்துணியால் இழுத்துவிட்டமாதிரி ஒரு கோடு. சாப்பாட்டு மேசைப் பக்கம் இரண்டு பலகை அகலத்துக்கு வெளிறல். யன்னலுக்குக் கீழே தேமல். ஆடி மாதம் இந்த வெயில் ஏழு மணிக்குத்தான் வந்தது. இப்போது ஐப்பசி, நாலுக்கே வந்து நிற்கிறது. மார்கழியில் மத்தியானச் சாப்பாட்டோடேயே வந்துவிடும் போலிருக்கிறது.

வந்தவர்கள் யாரும் இதைப் பார்ப்பதில்லை என்பதுதான் பெரிய ஆத்திரம். சப்பாத்தைக் கழற்றுவார்கள், உள்ளே காலை வைப்பார்கள், "ஆ, ஹாட்வூட் செய்திட்டியள், நல்ல வடிவா இருக்கு" என்பார்கள், போய் சோபாவில் இருந்துவிடுவார்கள். நான் விடுவேனா? "வடிவோ? இஞ்சாலை வாங்கோ. இப்பிடிக் குனிஞ்சு, கண்ணை நிலத்தோடை வைச்சுப் பாருங்கோ." அறுபது வயது மனுசர் ஒருவரை முழங்கால் மடக்க வைத்துக் காட்டினேன். அவர் எழும்பி, முழங்காலைத் தட்டிக்கொண்டு, "ஓம், கொஞ்சம் தெரியுதுதான்" என்றார். என்மேல் இரக்கப்பட்டுச் சொன்னது என்று குரலிலேயே தெரிந்தது. அன்றிரவு மனைவி என்னோடு கதைக்கவில்லை. மறுநாள் கதைத்ததும் இவ்வளவுதான்: "வாற சனத்துக்கு ஒரு தேத்தண்ணி குடுக்க முதல் நிலத்திலை குறை காட்டுறீங்கள். உங்களுக்கு விசர்."

விசராக இருக்கலாம். ஆனால் நாலாயிரத்துச் சொச்சம் டொலர் குடுத்து வாங்கின விசர்.

இந்த வீடு 1956இல் கட்டினது. ஸ்காபரோவில் எங்கள் தெரு முழுக்க அந்தக் காலத்து ஒரு தட்டுச் செங்கல் பங்களோக்கள். இரண்டாம் உலகப்போர் முடிந்து, குடும்பங்கள் பெருகி, சனம் வீட்டுக்கு அடிபட்ட காலத்தில் வரிசையாக எழுந்தவை. அன்றைக்கு ஓக் பலகை பணக்காரச் சாமான் இல்லை. இரண்டேகால் அங்குல அகலம், முக்கால் அங்குலத் தடிப்பு, ஒரு பக்கம் நாக்கு, மற்றப் பக்கம் பள்ளம். ஒன்றுக்குள் ஒன்றைத் தட்டி ஏற்றி, நாக்கில் ஆணி அடித்தால் அடுத்த பலகை வந்து ஆணியை மறைத்துவிடும். பிறகு சுவர்முட்டக் கம்பளம் விரிக்கிற மோகம் வந்தது. எத்தனையோ வீடுகளில் ஓக் அப்படியே உள்ளே அடைபட்டுப் போனது. நாங்கள் 2019இல் வாங்கியபோது எங்கள் வீட்டிலும் சந்தன நிறத்தில் ஒரு கம்பளம் கிடந்தது, அதற்குள் முந்தி இருந்தவர்களின் நாயின் வாசமும் கிடந்தது. போன மாசியில் ஒரு மூலையைக் குறட்டால் பிடித்து இழுத்துப் பார்த்தேன். கீழே மரம். புதையல் கண்டவன்போல மனைவியைக் கூப்பிட்டேன். அந்த மூலையை அப்படியே அமத்திவிட்டுப் போயிருக்கவேண்டும்.

கம்பளத்தைச் சுருட்டி வெளியில் போட்டதும் யன்னலுக்குக் கீழே ஒரு சாப்பாட்டுக் கோப்பை அளவில் மைக்கறுப்பு தெரிந்தது. நாய் தனக்கென்று தெரிவு செய்த இடம். ஓக்கில் துவர் அதிகம். துவரும் இரும்பும் ஈரமும் சந்தித்தால் கறுக்கும். வாழைப்பூவை இரும்புக் கத்தியால் அரிந்தவர்களுக்குக் கத்தி எப்படிக் கறுக்கும் என்று தெரியும்; கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து மை செய்ததும் இதே வித்தைதான். எங்கள் நிலத்தில் அந்த மையை ஒரு நாயும், அடியில் கிடந்த ஆணிகளும் சேர்ந்து பல வருடமாகக் காய்ச்சியிருக்கின்றன. 

மற்றது, ஹோலுக்கும் சாப்பாட்டறைக்கும் நடுவிலிருந்த சுவர். செய்கிறதோடு செய்கிறது, அதையும் எடுத்தால் வீடு வெளிக்கும் என்றார் மனைவி. எடுத்தோம். கீழே பலகையே இல்லை, வெறும் அடித்தட்டு. சுவரை எழுப்பிவிட்டுத்தான் பலகை அடித்திருக்கிறார்கள். அந்த இடைவெளிக்கு இரண்டு வரிசை புது ஓக் வாங்கி வைத்தாயிற்று. பழசு ஐம்பத்தாறில் அடித்தது, புதுசு அந்தக் கிழமைதான் கடையில் எடுத்தது. பேரனைக் கொண்டுவந்து பேரனின் பூட்டனுக்குப் பக்கத்தில் இருத்தி, இரண்டு பேரும் ஒரே நிறமாக இருக்கவேண்டும் என்று நாங்கள் எதிர்பார்த்தோம்.

நிறம் தெரிவு செய்தது தனிக் கதை. கடையில் சாயப் பேணிகளின் பெயரைப் பார்க்கவேண்டும். ஏர்லி அமெரிக்கன், புரோவின்ஷியல், ஜேகோபியன். சாயம் விற்கிறார்களா, சரித்திரம் படிப்பிக்கிறார்களா? வால்நட் விளங்குகிறது, அதென்ன 'ஸ்பெஷல் வால்நட்'? அப்போ மற்ற வால்நட் என்ன பாவம் செய்தது? எனக்கு வேண்டியிருந்தது ஊரில் எங்கள் வீட்டு முன்கதவின் நிறம். வேம்பு. மூன்று தலைமுறை கைபட்டுக் கைபட்டு வந்த நிறம். அதை ஒருத்தரும் பேணியில் அடைக்கவில்லை. கடைசியில் ஒரு பலகைத் துண்டில் ஆறு நிறத்தைப் பூசி, ஹோலில் வைத்துப் பார்த்து ஒன்றைப் பிடித்தோம். அதையே சாப்பாட்டறையில் வைத்தால் வேறு நிறம். ஹோலில் வெள்ளை எல்ஈடி, அங்கே மஞ்சள். மரத்தைச் சமப்படுத்த முதல் பல்ப்பைச் சமப்படுத்தவேண்டும் என்று அன்றைக்கே எனக்கு ஓடியிருக்கவேண்டும்.

வேலைக்கு வந்த தம்பி நல்ல பெடியன். முப்பது வயது வரும். நூறு இறாத்தலுக்கு மேற்பட்ட மெஷினை வான் வண்டியிலிருந்து தனியே இறக்கிப் படியேற்றினான். முதலில் 36ஆம் நம்பர் சாண்ட்பேப்பர். அது பேப்பரா, துருவுபலகையா என்று கேட்கலாம். பிறகு 60. பிறகு 80. முந்தின பேப்பர் கீறின கீறலை அடுத்த பேப்பர் அழிக்கவேண்டும், அதுதான் கணக்கு. பெரிய மெஷினின் உருளை சுவர்வரைக்கும் போகாது, கொஞ்சம் தள்ளியே நிற்கும். ஓரத்துக்கு வட்டத் தட்டு வைத்த சின்ன மெஷின் ஒன்று இருக்கிறது. அது சுழன்று சுழன்று பிறை பிறையாகக் கீறும். முன்வாசல் சப்பாத்து அலுமாரிக்குள் பெரியது நுழையவே மாட்டாது, அங்கே முழுக்கச் சின்னதுதான். இரண்டு நாள் வீடு முழுக்கத் தவிட்டு மணம். மூன்றாம் நாள் காலையில் வெறும் மரமாகப் பார்த்தபோது, சத்தியமாகச் சொல்கிறேன், பிழை ஒன்றும் இல்லை. அரிசிமா தூவினதுபோல வெள்ளை வெளேரென்று கிடந்தது.

சாயம் விழுந்ததும்தான் நிலம் வாய் திறந்தது. கரடான மரம் சாயத்தைக் கூடக் குடிக்கும், கீறலுக்குள்ளும் நிறம் போய்த் தங்கும். வழவழத்த மரம் குறையக் குடிக்கும். நடுவை மூன்று பேப்பரால் தேய்த்தவன் ஓரத்தை இரண்டோடு நிறுத்திவிட்டான் என்று நினைக்கிறேன். நினைக்கிறேன் என்ன, ரோர்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால் அந்தப் பிறைகளை இப்போதும் எண்ணலாம். நாலு சுவரைச் சுற்றியும் படத்துக்குச் சட்டம் போட்டதுபோல வந்துவிட்டது.

"தம்பி, ஓரம் கறுத்திருக்கே?"

"மரம் எண்டா அப்பிடித்தான் அண்ணை. நச்சுரல்."

"மேசைப் பக்கம் வெளிறிக் கிடக்கே?"

"மரம் எண்டா அப்பிடித்தான் அண்ணை."

"இந்தக் கோடு?"

"உது வெளிச்சம் அண்ணை. பொலியூரித்தேன் அடிச்சா உதொண்டும் தெரியாது."

பொலியூரித்தேன் அடித்தான். மூன்று பூச்சு. இப்போது மினுக்கத்தோடு தெரிகிறது.

என் ஆத்திரத்தை நான் ஒழுங்காகச் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் மனைவி சொல்வதுதான் சரியென்று நினைப்பீர்கள். மரம் பெயின்ற் அடித்த தகரம்போல ஒரே நிறமாக இருக்காது என்று எனக்கும் தெரியும். ஒரே மரத்தில் வயிரம் ஒரு நிறம், வெளிப்பால் ஒரு நிறம். அறுக்கிறவன் வாளை எந்தப் பக்கம் வைத்தான் என்பதைப் பொறுத்து ஒரு பலகையில் கோபுரம் கோபுரமாக ரேகை ஓடும், இன்னொன்றில் நேர்கோடாக ஓடும், சிலதில் குறுக்காக மீன்செதில்போல மின்னும். இதிலெல்லாம் எனக்கு வழக்கு இல்லை. குசினி வாசலில் ஒரு பலகை இருக்கிறது, பாதி தேன் நிறம், பாதி தேயிலை நிறம். அது பிறந்ததே அப்படி. அதைக் காலையில் தேத்தண்ணியோடு நின்று பார்ப்பேன். அந்தப் பலகையையும், பேப்பர் மாற்றப் பஞ்சிப்பட்டதால் வந்த கறுப்பையும் ஒரே சொல்லுக்குள் போட்டு மூடினால் எனக்குப் பொறுக்காது. 'நச்சுரல்' என்ற கம்பளத்தை விரித்து எல்லாவற்றையும் அதற்குக் கீழே தள்ளினால், நான் மற்றக் கம்பளத்தை எதற்குக் கிழித்தேன்?

அதனால் எது மரத்தின் கணக்கு, எது கையின் கணக்கு என்று பிரித்துவிடுவது என்று இறங்கினேன். முதலில் வெளிறின பட்டை. மிச்சமாய்க் கிடந்த பலகை நறுக்குகள் இரண்டை எடுத்துவந்தேன், நாலங்குல நீளம் வரும். ரெட் ஓக்கின் நரம்புகள் திறந்த குழாய்கள்; ஒரு முனையைத் தண்ணீருக்குள் வைத்து மறுமுனையில் ஊதினால் குமிழி வரும். வெள்ளை ஓக்கில் அந்தக் குழாய்கள் அடைபட்டுப் போயிருக்கும், அதனால்தான் விஸ்கிப் பீப்பா அதில் செய்கிறார்கள். ஒரு கிளாஸ் தண்ணீரை வைத்துக்கொண்டு முதல் நறுக்கை ஊதினேன். குமுகுமுவென்று வந்தது. மற்றதை ஊதினேன். ஊதினேன், ஊதினேன், கன்னம் நொந்தது, ஒரு குமிழி இல்லை. மகன் மேல்படியில் நின்று, "அப்பா, ஆர் யூ ஓகே?" என்றான். ஓகேதான். கடையில் கட்டியபோதே இரண்டு ஓக்கும் கலந்து வந்திருக்கிறது, யாரும் பார்க்காமல் அடித்திருக்கிறார்கள். வெள்ளை ஓக்கில் அந்தச் செம்மை இல்லை. எந்த ஜேகோபியனைப் பூசினாலும் அது பழுப்புப் பக்கம்தான் சாயும். தாத்தா பேரன் என்று நான் நினைத்திருக்க, பாதிப் பேர் பக்கத்து வீட்டுக்காரர்.

ஹோலில் பாதி மற்றப் பாதியைவிட ஒரு சொட்டு மங்கல் என்பதும் பிடிபட்டது. இரண்டு பேணி சாயம் செலவானது. நிறமி பேணியின் அடியில் போய்ப் படியும். அடிமுட்டக் கலக்கவேண்டும், இரண்டு பேணியையும் ஒரு வாளிக்குள் ஊற்றி ஒன்றாக்கிவிட்டுத்தான் தொடங்கவேண்டும். பாயாசத்தை இரண்டு சட்டியில் காய்ச்சினால் இனிப்பு ஒன்றாய் வராது என்று தெரியாத ஆள் உண்டா? தம்பி மூடியோடு குலுக்கினதோடு சரி. 

வாசலுக்குக் கிட்ட ஏழெட்டுக் கரும்புள்ளி, ஐந்து சத நாணயம் அளவில். இதற்குத்தான் கனநாள் மண்டையை உடைத்தேன். தேய்த்து முடித்த மரத்தில் தண்ணீர் பட்டால் பட்ட இடத்தில் நார் எழும்பி, அந்த இடம் சாயத்தைக் கூடக் குடிக்கும். சில பேர் வேண்டுமென்றே நிலம் முழுக்க ஈரத்துணியால் துடைத்து, நாரை எழுப்பி, நன்றாய்க் காயவிட்டுப் பிறகு சாயம் பூசுவார்கள், சீராக ஏறும் என்று. சீராக நனைத்தால் சரி, சொட்டுச் சொட்டாக நனைந்தால்? ஆடி மாதம், முப்பத்துமூன்று பாகை வெக்கை, தூசி பறக்கும் என்று காற்றாடியும் போடவில்லை, குனிந்து நின்று வேலை செய்தவனின் நெற்றியிலிருந்து விழுந்தவை அவை. அந்தப் புள்ளிகளை நான் யாருக்கும் காட்டுவதில்லை. 

(சாயம் துடைத்த துணிகளை அவன் கராஜில் ஒரு குவியலாகப் போட்டுவிட்டுப் போயிருந்தான். எண்ணெய்ச் சாயம் ஊறின துணி காயும்போது தானே சூடேறும், குவித்து வைத்தால் தானே தீப்பிடிக்கவும் கூடும். ஒவ்வொன்றாக விரித்து வேலியில் காயப்போட்டேன். அயல் வீட்டுச் சீனக் கிழவி, நான் உடுப்புத் தோய்க்கிற அழகைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனா.)

யன்னலடித் தேமலுக்கு மட்டும் நான்தான் பொறுப்பு, அதை ஒளிக்கவில்லை. நாய்க்கறுப்பை எடுக்க ஒக்சாலிக் அமிலம் நல்லது என்று வாங்கிவந்து, சாயம் பூச முதல் நானே பூசினேன். வெள்ளைத் தூள். சுடுதண்ணீரில் கரைத்துப் பூச, இரும்புக் கறுப்பு கண்முன்னே இளகிப்போகிறது; பார்க்க மந்திரம் மாதிரி இருக்கும். நஞ்சு வேறு, கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு செய்யவேண்டும், பிறகு அப்பச்சோடா கரைத்த தண்ணீரால் துடைக்கவேண்டும். ஒருதரம் பூசினேன், முக்கால்வாசி போனது. அதோடு நின்றிருக்கலாம். மிச்சக் கால்வாசிக்கு இன்னும் இரண்டு தரம் பூசினேன். கறுப்புப் போனது, மரத்தின் சொந்த நிறமும் கூடவே போனது. நாய் வைத்த கறுப்பை எடுத்துவிட்டு நான் ஒரு வெள்ளை வைத்தேன்.

புத்தி சொல்லாத ஆள் இல்லை. மச்சான் சொன்னார், "இன்னும் கறுப்பா அடிச்சுவிடு, எல்லாம் ஒண்டாப் போம்." கறுப்புச் சாயத்தில்தான் மெஷின் கீறல் ஒவ்வொன்றும் எழும்பி நிற்கும் என்பது அவருக்குத் தெரியாது. கடைக்காரர் நிறப் பேனை ஒன்று தந்தார், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி முழங்காலில் இருந்து நிறம் தீட்டச் சொல்லி. ஒரு சினேகிதர் தொலைபேசியில், "வெயில் படப் படச் சரியாப் போமடாப்பா" என்றார். அதில் உண்மை இருக்கிறது, அரைவாசி. எண்ணெய்ப் பொலியூரித்தேன் காலம் போகப் போக மஞ்சளாகும், மரமும் வெளிச்சத்தில் நிறம் மாறும். ஆனால் வெயில் சோபாவுக்குக் கீழே போகாதே. ஒரு வருடம் கழித்துச் சோபாவை நகர்த்தினால் அங்கே நாலாவது நிறம் ஒன்று காத்திருக்கும்.

தம்பி திரும்பியும் வந்தான், காசு கேட்கவில்லை, குறை சொல்லக்கூடாது. பூச்சுக்குள் கொஞ்சம் நிறம் கலந்து வெளிறின பட்டைமேல் மட்டும் மெல்லிசாய் ஓட்டினான். வாசலில் நின்று பார்த்தால் சரி. குசினியில் நின்று பார்த்தால் யாரோ அதில் நிழலாய்ப் படுத்திருப்பதுபோல இருக்கிறது. சமப்படுத்தப்போன பட்டைக்கு இப்போது அதற்கென்று இரண்டு கரை முளைத்திருக்கிறது. "இனி முழுக்கச் சுரண்டித் திரும்பச் செய்தாத்தான் அண்ணை" என்றான். முக்கால் அங்குலப் பலகையில், நாக்குக்கு மேலே தேய்க்கக் கிடைப்பது கால் அங்குலம்தான். ஐம்பத்தாறிலிருந்து யார் யார் எத்தனை தரம் தேய்த்தார்களோ. இன்னும் தேய்த்தால் ஆணித்தலை எட்டிப் பார்க்கும். மனைவியிடம் மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன். "சுரண்டுங்கோ," என்றார், தக்காளி அரிந்துகொண்டே. "நான் தங்கச்சி வீட்டை போறன். பேந்து நீங்களும் உங்கடை நிலமும் இருங்கோ."

இந்த வேலை நடந்தபோது அம்மா மார்க்கம் நகரில் அக்கா வீட்டில் இருந்தா. எண்பத்தாறு வயது, ஒரு கண்ணில் புரை. ஆவணிக் கடைசியில் கூட்டிவந்தோம். பின்னேரம். ஊன்றுகோலோடு ஹோலுக்குள் நாலடி வைத்தவ, நடுவில் நின்றா. குனியவில்லை, கண்ணைச் சுருக்கவும் இல்லை. ஊன்றுகோலால் அந்தக் குறுக்குக் கோட்டைத் தட்டினா.

"உதிலை ஆர் எழும்பிப் போனது?"

எனக்கு விளங்கவில்லை. "என்னம்மா?"

"மெழுகிக்கொண்டிருந்தவர் உதிலை எழும்பிப் போயிருக்கிறார். ஈரம் காய்ஞ்சாப்போலை வந்து தொடங்கியிருக்கிறார்."

அம்மா சாணி மெழுகினதை நான் சின்ன வயதில் எத்தனை நாள் திண்ணையில் இருந்து பார்த்திருக்கிறேன். உள்சுவரில் தொடங்கி, பின்னுக்குப் பின்னுக்கு நகர்ந்து, வாசலில் வந்து முடியும். கை அரைவட்டம் அரைவட்டமாய்ப் போகும். ஒரு வளையத்தின் ஈரம் இருக்கும்போதே அடுத்த வளையம் அதன்மேல் ஏறிவிடும். இடையில் வாசலில் ஆள் கூப்பிட்டாலும் எழும்பமாட்டா, "இருங்கோ, வாறன்" என்று குரல் மட்டும் போகும். ஒருநாள் நான் விழுந்து முழங்கால் உடைத்துக்கொண்டு அழுதபோதும் மெழுகி முடித்துவிட்டுத்தான் வந்தா. அதற்காக நாற்பது வருடம் மனதில் ஒரு குறை வைத்திருந்தேன். விளிம்பு காய்ந்துவிட்டால், அதன்மேல் புது ஈரம் ஏறுகிற இடம் இரட்டிப்பாகும். சாணிக்கும் அதுதான் விதி, எண்ணெய்ச் சாயத்துக்கும் அதுதான் விதி. பலகை போகிற திசையில் இரண்டு மூன்று பலகையாய் முனைக்கு முனை முடித்துக்கொண்டு போனால், நிறுத்தினாலும் பலகை விளிம்பில் மறைந்துபோகும். குறுக்காகச் செய்துகொண்டு போகிறவன் நடுவில் எழும்பவே கூடாது.

எழும்பினான்தான். ஏன் எழும்பினான் என்று யோசிக்க யோசிக்க எனக்குக் காது சூடானது.

அன்றைக்குப் பதினொரு மணி. பின்வாசலில் நின்று நான்தான் கூப்பிட்டேன், "தம்பி, வந்து ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுச் செய்யன்." "இல்லை அண்ணை, இதை முடிச்சிட்டு வாறன்" என்றான். "ஆறப்போகுது, வா." "பறவாயில்லை அண்ணை." "சாயம் எங்கை ஓடப்போகுது? வா எண்டுறன்." வந்தான். வடையும் இருந்தது. ஊர் எது என்று கேட்டேன், கோண்டாவில் என்றான். கோண்டாவிலில் எங்கே என்று கேட்டேன். அவனுடைய பெரியப்பாவும் நானும் ஒரே ரியூட்டரியில் படித்திருக்கிறோம் என்பதைக் கண்டுபிடிக்க இன்னும் பத்து நிமிடம் போனது. அவன் இரண்டு தரம் உள்ளே திரும்பிப் பார்த்தான், அது நன்றாய் ஞாபகம் இருக்கிறது. நான் இன்னொரு வடை வைத்தேன்.

பிறகு எத்தனை தரம் அந்தக் கோட்டைக் காட்டிக் கேட்டேன். ஒருதரம்கூட அவன் தேத்தண்ணியைச் சொல்லவில்லை. "உது வெளிச்சம் அண்ணை" என்றான்.

ஆனால் ஓரக் கறுப்பு அவனுடையதுதான். அதை நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை. பேணி கலக்காததும் அவன்தான்.

இப்போது கோட்டுக்கு மேலே ஒரு சின்னக் கம்பளம் கிடக்கிறது, மனைவி வாங்கிப் போட்டது. நிறம் பார்த்து வாங்கினாவோ, என் வாயைப் பார்த்து வாங்கினாவோ தெரியாது. கீழே வெயில் படாமல் நிறம் எப்படிப் போகிறது என்று ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு மூலையைத் தூக்கிப் பார்ப்பேன். அவ பார்த்துக்கொண்டிருந்தால் தூக்கமாட்டேன்.

போன சனி ஒரு குடும்பம் வந்தது. வாக்குக் கொடுத்திருந்தேன், ஹோல் நிலத்தைப்பற்றி வாய் திறக்கவில்லை. "நல்ல வடிவா இருக்கு" என்றார்கள், "ஓம்" என்றேன். நாலு மணி வெயில் வந்தது, சுவரோரம் கறுத்தது, "இன்னும் கொஞ்சம் மிக்சர் எடுங்கோ" என்றேன். ஐந்தரைக்கு வெளிக்கிட்டார்கள். சப்பாத்து எடுக்கச் சப்பாத்து அலுமாரியைத் திறந்தபோதுதான் என்னால் முடியாமல் போய்விட்டது. வீட்டிலேயே ஒரே நிறமாக வந்த இடம் அதற்குள்தான். ஒரே மெஷின், ஒரே பேணி, இடையில் தேத்தண்ணியும் இல்லை. மூன்றடிக்கு இரண்டடி. அச்சொட்டாக ஊர்க் கதவின் நிறம். குளிர்காலச் சப்பாத்துகளை ஒரு பக்கம் தள்ளிவிட்டு, "இதைப் பாருங்கோ, இப்பிடி வந்திருக்கவேணும்" என்றேன்.

பின்னால் மனைவி மூச்சுவிடும் சத்தம் கேட்டது.

அந்த மனுசர் மரியாதைக்குக் குனிந்து, தொங்கின கோட்டுகளுக்கு நடுவில் தலையை விட்டார். "உள்ளுக்கு இருட்டாக் கிடக்கே அண்ணை," என்றார், "ஒண்டும் தெரியேல்லை."

நான் ரோர்ச் எடுத்துவரப் போனேன்.